அரைமணித் திருடன்

டிரான்சிஸ்டர் என்கிற இணையதளத்தில் கேள்வி கேட்டால் ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான். தப்பாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், பீரில் நுரை அடங்குவதற்குள் பத்துப் பேர் வந்து குதறிவிடுவார்கள். அடுத்தவன் தப்பைத் திருத்தாமல் படுத்தால் அங்கே இருப்பவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை விழுங்கியது, யாருடைய மென்பொருளை யார் திருடினான், விண்கல்லில் சுரங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றிய 'ஒன்பதாம் குழி' தொலைக்காட்சித் தொடர் என்று பேச்சு எதுவானாலும் அங்கே சட்டம் இதுதான்.

அதனால்தான், கொஞ்ச நாளாகத் தன் எழுத்துக்கு ஒரு பயலும் பதில் போடவில்லை என்று கண்ட மெர்வ் டிரெகென்ஸா வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதிப் போட்டான்.

"காற்றே இல்லாத இடத்திலும் சத்தம் நன்றாகக் கேட்கும். ஒரு விண்கல்லில் வெடி வைத்தால் அடுத்த விண்கல்காரன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்."

எழுதிவிட்டு, கேரட்டும் சீஸும் துருவிப் போட்ட ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்காகக் காத்திருந்தான். ரொட்டி தீர்ந்தது. சட்டையில் உதிர்ந்த கேரட்டையும் பொறுக்கித் தின்றாயிற்று. சண்டை வரவில்லை. மறுநாள் காலையிலும் அந்தப் பொய் அப்படியே, திருத்துவார் இல்லாமல், அநாதையாகக் கிடந்தது.

மெர்வுக்குச் சந்தேகம் தட்டியது. வானொலிக்காரன் மழை என்று சொன்னால்கூட வாசலுக்குப் போய் முகத்தைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்கிற ஆள் அவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவன், ஓய்வு பெற்ற பிறகுதான் ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டான். எழுத்துப்பிழை ஏராளம். அதையும் திருத்துவார்கள். 'ஒன்பதாம் குழி'யில் காற்றாடி தப்பான திசையில் சுற்றுகிறது என்று ஒருமுறை அடித்துப் பேசி, எடையில்லாத இடத்தில் அது அப்படித்தான் சுற்றும் என்று எல்லோரும் சேர்ந்து நிரூபித்து அவன் மூக்கை உடைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சிரிப்பு வரும். மூக்கு உடைந்தாலும், உடைக்க ஆள் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் கிளப்பில் விங்கோவைப் பிடித்தான். விங்கோ பாபிச் அவனோடு ஒரே ஷிஃப்டில் கீழே இறங்கி ஏறியவன். இப்போது கைபேசியும் குதிரைப் பந்தயமுமாக இருக்கிறான்.

"உன் போன்ல டிரான்சிஸ்டரைத் திறடா."

"எதுக்கு? குதிரை ஓடுது."

"உன் குதிரை எப்படியும் கடைசியாத்தான் வரும். திற."

விங்கோ முனகிக்கொண்டே திறந்தான். எழுதத்தான் உறுப்பினராக வேண்டும்; படிக்க எவனும் படிக்கலாம்.

"பழம்பாறைன்னு ஒருத்தன் எழுதியிருக்கானா பாரு. அது நான்தான்."

"பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்க." விங்கோ விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "ஒண்ணும் காணோமேடா. பழம்பாறையும் இல்ல, புதுப்பாறையும் இல்ல."

மெர்வ் தன் தொடுதிரைப் பலகையைப் பக்கத்தில் வைத்தான். ஒரே தளம், ஒரே பக்கம். இவன் பலகையில் இவன் எழுத்து இருந்தது. விங்கோவின் கைபேசியில் அந்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை. ஆனால் பக்கத்தின் உச்சியில், மெர்வின் பலகையில் இல்லாத ஓர் அறிவிப்பு ஆணியடித்தது போல நின்றது. விங்கோ உரக்கப் படித்தான்.

"'பழம்பாறை, திருட்டுக் காப்பி பார்த்துவிட்டு, நேரத்துக்கு முன்பே கதையைக் கசியவிட்ட திருடன். ஊமைப் பூட்டு போடப்பட்டது. இப்படிக்கு டார்சி.' யாருடா இந்த டார்சி?"

"தளத்துக்காரன். மெல்பர்ன்."

"ஊமைப் பூட்டுன்னா?"

 மெர்வுக்குத் தெரியும். அந்தத் தளத்தில் ஒருவனைப் பிடிக்காவிட்டால் வெளியே தள்ள மாட்டார்கள். தள்ளினால் வேறு பெயரில் வந்துவிடுவானாம். உள்ளேயே விட்டுவைத்து, அவன் எழுதுவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பூட்டிவிடுவார்கள். அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பான். எதற்காகப் பூட்டினார்கள் என்ற அறிவிப்பைக்கூட அவனிடமிருந்து மறைத்துவிடுவார்கள். ஊமை கண்ட கனாவாவது ஊமைக்குத் தான் ஊமை என்று தெரிந்து காண்பது. இவனுக்கு அதுவும் தெரியாது.

இந்தத் தண்டனை அவர்களுடைய சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லுக்குப் புதிதல்ல. வேலைநிறுத்தக் காலத்தில் சங்கத்தை மீறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய கருங்காலிக்கு ஊர் இதைத்தான் செய்தது. அடிக்கவில்லை, வையவில்லை. யாரும் அவனோடு பேசவில்லை. கிளப்பில் அவன் காலி கிளாஸை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். முடிதிருத்துகிறவன் நாற்காலியைத் திருப்பிப் போடுவான். ஆனால் ஏன் என்று அந்தக் கருங்காலிக்குத் தெரியும். ஊர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொல்லாமலே செய்கிற கோழைத்தனம் மெல்பர்ன்காரன் கண்டுபிடித்தது.

"திருடனாம்!" என்றான் மெர்வ். குரல் மேலே போயிற்று. பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "என்னைத் திருடன்னு எழுதி ஊர் உலகம் பூராக் காட்டியிருக்கான், என்கிட்ட மட்டும் மறைச்சிருக்கான்!"

டார்சிக்குக் கடிதம் எழுதினான். மறுபடி எழுதினான். மூன்றாவதில் எழுத்துப்பிழையைவிடக் கெட்ட வார்த்தை அதிகமாக இருந்தது. அதற்குத்தான் பலன் கிடைத்தது. டார்சி ஹெஃபர்னனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஐயா, நீங்கதானே பழம்பாறை? கோவப்படாதீங்க. வயசானவங்க, ரத்தக் கொதிப்பு ஏறிடும்."

"என் ரத்தத்தை நான் பாத்துக்கறேன். திருடன்னு எழுதினது நீயா?"

"நான் சொல்லலீங்க, பதிவு சொல்லுது. தொடர் வெளியாகறது சாயங்காலம் ஆறு மணிக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கத் தொடங்குவாங்க, ஒரே நேரத்துல எழுதுவாங்க. மேஸ்திரி ஒரெல்லாவோட காத்துக்குழாயை அவ தம்பியே அறுத்தான்னு நீங்க அஞ்சே முக்காலுக்கே எழுதியிருக்கீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தேன், தெரிஞ்சுது. அஞ்சே முக்காலுக்குத்தான் எழுதினேன்."

"ஒத்துக்கறீங்களே!"

"எங்க ஊர் அஞ்சரைதான்யா உங்க ஊர் ஆறு!"

"அடிலெய்டா நீங்க?"

"புரோக்கன் ஹில்."

"அது நியூ சவுத் வேல்ஸ் ஆச்சே."

"ஆமா."

"அப்ப சிட்னி நேரம்தானே. ஐயா, தளத்தோட இந்தக் கடிகாரத்தைப் போன மாசம் நானே உக்காந்து எழுதினேன். உங்க கருவி காட்டற நேரத்தை எடுத்து, நீங்க சொன்ன மாநிலத்து நேரமாப் பதிஞ்சிடும். அடிலெய்டோட அரைமணியைக்கூடப் பிசகாம பிடிக்கும். நான் ஒண்ணும் விவரம் தெரியாதவன் இல்ல."

"மாநிலம் சிட்னியோடது, கடிகாரம் அடிலெய்டோடது. எங்க அப்பன் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து அப்படித்தான்யா!"

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. "ஒரு மாநிலத்துல எல்லாருக்கும் ஒரு நேரம், உங்க ஊருக்கு மட்டும் தனி நேரமா? கதையெல்லாம் தொடர்ல வந்தாப் போதும் ஐயா. பதிவு பொய் சொல்லாது."

வைத்துவிட்டான்.

மெர்வ் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி சமையலறையில் நின்றான். வரி சிட்னிக்கு, பீரும் கால்பந்தும் கடிகாரமும் அடிலெய்டுக்கு. இது இந்த ஊர்க் குழந்தைக்குத் தெரியும். ரயில் வந்த காலத்தில் அப்படி ஆனது, அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை, மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இப்போது மெல்பர்னில் ஒருவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஊர் மொத்தமும் பொய் சொல்கிறது, என் கடிகாரம்தான் மெய் என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஊரே கோணல் என்கிறான்.

அதிலும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தளத்தின் பழைய கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எந்த ஊரில் என்ன நேரம் என்பதை யாரோ புண்ணியவான்கள் ஊர் ஊராகச் சேர்த்து வைத்ததை வைத்து அது நேரம் சொன்னது. அதில் புரோக்கன் ஹில்லுக்குத் தனி இடம் உண்டு. டார்சிக்கு அது பிடிக்கவில்லை. கனமாக இருக்கிறதாம், பழைய பாணியாம், இவ்வளவு ஊர் எதற்காம். புதிதாக எழுதப் போகிறேன் என்றான். தளம் இரண்டு பட்டது. பாதிப் பேர் ஆகா என்றார்கள், பாதிப் பேர் அடப்பாவி என்றார்கள். மெர்வ் எழுதியது ஒரே வரி: "ஓடுகிற பம்பைக் கழற்றுகிறவன் வெள்ளத்தில் நிற்பான்." அதற்கு டார்சி போட்டது கட்டைவிரல் கீழே பார்க்கிற படம். ஆக, இந்தப் பூட்டில் கடிகாரத்தின் பங்கு எவ்வளவு, வன்மத்தின் பங்கு எவ்வளவு என்று மெர்வுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் இல்லாத விஷயம் அவனுக்கு எதுவுமே கிடையாது என்பது வேறு.

விங்கோ உறுப்பினராகச் சேர்ந்தான். "எனக்கு இந்த விண்கல்லும் தெரியாது, மென்பொருளும் தெரியாது. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றான். குதிரைக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டான். எந்த மாநிலம் என்று கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி நியூ சவுத் வேல்ஸ் என்று அழுத்தினான்.

உள்ளே போனதும் கண்ணில் பட்ட முதல் எழுத்து நைரியுடையது. நைரி, சாத்தம் என்கிற தீவுக்காரி. நியூசிலாந்தைத் தாண்டி நடுக்கடலில் கிடக்கிற தீவு. சிங்கி இறால் அடைக்கிற கொட்டகையில் வேலை. மெர்வோடு வாரா வாரம் காற்றாடிச் சண்டை போட்டவள் அவள்தான்.

"பழம்பாறைக் கிழவன் எங்கே? அவனாவது திருடுவதாவது. அந்த மனுஷனுக்குப் படத்தை நிறுத்தவே தெரியாது, திருட்டுக் காப்பி எங்கே எடுப்பான்? யாருக்காவது அவனைத் தெரியுமா?" என்று அப்போதுதான் எழுதியிருந்தாள்.

"பாத்தியா!" என்றான் மெர்வ்.  "அடிடா. வீட்ல உயிரோடதான் இருக்கான், வாயைப் பூட்டினது நீங்கதான்னு அடி."

விங்கோ அடித்தான். பதில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம்தான் வேடிக்கை. நைரியின் கேள்விக்குக் கீழே அல்ல, மேலே. அவள் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி முன்னால் குதிரைக்காரன் பதில் சொல்லிவிட்டதாக டார்சியின் கடிகாரம் காட்டியது.

இதைப் பார்த்தவுடன் வேறு எந்த மனிதனும் கடிகாரம் கெட்டுப்போச்சு என்பான். டிரான்சிஸ்டர்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. காலத்தில் பின்னால் போக முடியுமா என்று தொடங்கினார்கள். முடியும் என்றான் ஒருவன். முடியாது, போனால் தாத்தாவைக் கொன்று தானே பிறக்காமல் போகலாம் என்றான் இன்னொருவன். இரண்டு நாள் ஓடியது அந்தச் சண்டை. மூன்று பேர் கோபித்துக்கொண்டு தளத்தை விட்டே போனார்கள். மெர்வ் பலகையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு மனுஷன் மானம் போய்க் கிடக்கிறது, இவர்கள் பிறக்காத பேரனைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் நைரிதான் கத்தினாள். "அட மடப்பசங்களா! நான் எப்ப எழுதினாலும் முக்கால் மணி பிந்தி எழுதினதாத்தானே இந்தப் புதுக் கடிகாரம் காட்டுது. ஆமை, ஆமைன்னு கேலி பண்ணீங்களே, எங்க தீவு இணையம் மட்டம்னு நானும் சிரிச்சிட்டு விட்டேன். எங்க தீவு நியூசிலாந்தைவிட முக்கால் மணி முந்தி ஓடுது. குதிரைக்காரன்கிட்ட கேட்டேன், கிழவன் ஊர் சிட்னியைவிட அரைமணி பிந்தி ஓடுது. பிந்தி வந்தவ ஆமை, முந்தி வந்தவன் திருடனா? டேய் டார்சி, கடிகாரமாடா எழுதின நீ?"

 மறுநாள் கடிகாரம் சரியாகியிருந்தது. மெர்வின் பூட்டு திறந்திருந்தது. திருடன் என்ற அறிவிப்பை டார்சி பிடுங்கிவிட்டு அதே இடத்தில் ஒரு வரி வைத்திருந்தான்: "நேரம் காட்டுவதில் சிறு குழப்பம் சரிசெய்யப்பட்டது. பொறுமைக்கு நன்றி."

மெர்வ் அதைப் படித்துவிட்டு மேசையை அறைந்ததில் தேநீர் சாய்ந்தது.

"யாருடா பொறுமையா இருந்தது? நானா? நடுத்தெருவுல நிக்க வச்சு அறைஞ்சிட்டு, சந்துக்குள்ள கூட்டிட்டுப் போய்த் தடவிக் குடுக்கறானா?"

"பூட்டுதான் திறந்தாச்சே, விடேன்" என்றான் விங்கோ துணியை எடுத்துத் துடைத்தபடி. "ஞாயித்துக்கிழமை கடைசிப் பகுதி. போய்ச் சண்டை போட்டு சந்தோஷமா இரு."

"திருடன்னு படிச்சவன் அத்தனை பேரும் குழப்பம்னு படிச்சா திருடன் இல்லைன்னு புரிஞ்சிக்குவானா? எழுதின வாய் எழுதணும். அதே இடத்துல எழுதணும்."

டார்சிக்கு அதையே எழுதினான். "நடந்ததை விடுங்கள் ஐயா, முன்னே போவோம்" என்று பதில் வந்தது. முன்னே போவதாம். தேரை ஆள் மேல் ஏற்றியவன் எப்போதும் முன்னேதான் போகச் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே வெயில் இன்னும் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது. விங்கோ முன்னறையில் தொலைக்காட்சி முன்னால் சாய்ந்துவிட்டான். இந்த ஒரு மாதத்தில் அவனுக்கும் தொடர் பிடித்துப்போயிருந்தது.

"டேய், ஆரம்பிக்குது! வாடா!"

"நிறுத்தி வை. எனக்கு வேலை இருக்கு."

மெர்வ் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தளத்தில் பேச்சு திறந்த நொடியில் ஒற்றை விரலால் தட்டினான். "நான் பழம்பாறை. நான் திருடன் இல்லை. டார்சி அதை இங்கே எழுதும்வரை நான் இதையேதான் எழுதுவேன்."

எழுதினான். மறுபடி எழுதினான். ஒவ்வொருவன் சொல்வதற்கும் கீழே அதையே எழுதினான்.

"யோவ் பெருசு, படம் ஓடுது, அப்புறம் வா" என்றது ஒன்று.

"யாராவது இந்தக் கிழத்தை மறுபடி பூட்டுங்கப்பா."

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்குய்யா."

"இருக்கு. எங்க ஊர் நேரம்" என்று மெர்வ் தட்டினான்.

நைரி வந்தாள். "கிழவன் சொல்றது நியாயம். நானும் படத்தை நிறுத்திட்டேன். கடைசிப் பகுதியை இவ்வளவு நாள் காத்திருந்தவ நான், வயிறு எரியுது, சீக்கிரம் எழுதித் தொலைடா டார்சி." அவளுக்குப் பின்னால் காலப்பயணச் சண்டைக்காரன் ஒருவன் வந்து அதையே எழுதினான். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அதைவிட அதிகம் பேர் திட்டினார்கள். மெர்வுக்குத் திட்டு ஒவ்வொன்றும் இனித்தது. திட்டுகிறவனுக்காவது இந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

அப்போதுதான் யாரோ ஒருவன் பொறுக்கமாட்டாமல் எழுதினான். "அங்கே மேஸ்திரி ஒரெல்லா தம்பியைக் காப்பாற்றிவிட்டு மூச்சு முட்டிச் சாகிறாள். இங்கே நீ மானம் மானம் என்று அழுகிறாயா?"

மெர்வின் விரல் நின்றுவிட்டது.

இத்தனை வருடம் பார்த்த தொடர். ஒரெல்லா பிழைப்பாளா என்று ஒரு மாதமாகப் படுக்கையில் புரண்டவன். கதையை முன்கூட்டிச் சொன்னான் என்று எவனைப் பூட்டினார்களோ அவன் முகத்திலேயே முடிவை வீசிவிட்டார்கள். வீசியவனுக்கு ஊமைப் பூட்டு கிடையாது. அவன் நேரத்துக்குத்தான் எழுதினான்.

 பலகையை அணைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அணைக்கவில்லை. விரலை மறுபடி வைத்தான். "நான் பழம்பாறை. நான் திருடன் இல்லை."

பக்கத்தின் உச்சியில், ஆணியடித்த அதே இடத்தில், ஒரு வரி வந்தது.

"பழம்பாறை எதையும் முன்கூட்டிப் பார்க்கவில்லை, கசியவிடவும் இல்லை. புரோக்கன் ஹில்லின் நேரம் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னபோது நான் நம்பவும் இல்லை. திருடன் என்று எழுதியவன் நான். அது தப்பு. இப்படிக்கு டார்சி."

மெர்வ் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். பொடி வைத்திருக்கிறானா என்று இன்னொரு தரம் படித்தான். பிறகு விங்கோவின் கைபேசியை எடுத்து, அதிலும் அது தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. "தாமதம்தான், ஆனால் சரி" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்தான்.

முன்னறையில் படம் நின்ற இடத்தில் நின்றிருந்தது. விங்கோ பீரைத் திறந்து நீட்டினான்.

"எழுதிட்டானா?"

"எழுதிட்டான்."

"அப்புறம் ஏண்டா மூஞ்சி இப்படி இருக்கு? அங்க யாராவது உளறிட்டாங்களா?" விங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "டேய், ஒரெல்லா செத்துடுவாளா? சொல்லுடா, சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"போடு படத்தை."

"ஒரு வார்த்தை சொல்லேன்டா."

"நான் முன்கூட்டிச் சொல்றவன் இல்லடா" என்றான் மெர்வ் பீரை வாங்கிக்கொண்டு. "எழுதியே குடுத்திருக்கான். வாயை மூடிட்டுப் பாரு."